நிற்பதும் ஒரு வேலைதான்



காலையில் அசெம்பிளியில் பத்து நிமிஷம் நேராக நிற்கச் சொன்னால் நம்மில் யாரும் அதை ஒரு வேலை என்று நினைப்பதில்லை. "சும்மா நிக்கறதுதானே" என்போம். ஆனால் சும்மா நிற்பது என்று ஒன்று கிடையவே கிடையாது. நம்பாதவர்கள் ஒரு விளக்குமாற்றை எடுத்து, கட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி உள்ளங்கையில் நிறுத்திப் பாருங்கள். கை ஒரு நொடிகூட ஓயாது. இந்தப் பக்கம் சாய்ந்தால் இந்தப் பக்கம் நகர்த்தணும், அந்தப் பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம். மனிதன் நிற்பதும் ஏறக்குறைய அதேதான். கணுக்கால்தான் கீல். நம்முடைய புவியீர்ப்பு மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே, தரையிலிருந்து முக்கால் மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அதைத் தாங்குவதற்கு இருப்பது இரண்டு பாதமும் அடைக்கிற சின்ன இடம். மெக்கானிக்ஸில் படித்த தலைகீழ் ஊசல் இதுதான். அதைத் தானாக நிற்கும் நிலை என்று எந்தப் புத்தகமும் சொல்லாது. நிற்க வைத்துக்கொண்டே இருந்தால்தான் நிற்கும்.

இந்த நிற்க வைக்கும் வேலையை யார் செய்கிறார்கள், அது சில குழந்தைகளுக்கு ஏன் கஷ்டமாக இருக்கிறது, பயிற்சி கொடுத்தால் மாறுமா என்பதைத்தான் எனக்குத் தெரிந்த மட்டும் எழுதுகிறேன். நான் மருத்துவம் படிப்பவள் இல்லை, இன்ஸ்ட்ருமெண்டேஷன் மாணவி. ஆனால் இந்த விஷயத்தைப் படிக்கப் படிக்க, இது நம்ம சிலபஸ்தானே என்று எனக்கே ஆச்சரியமாகிவிட்டது.

ஒரு கண்ட்ரோல் சிஸ்டத்துக்கு முதலில் வேண்டியது சென்சார். நம் உடம்பில் சமநிலைக்கு என்றே மூன்று வகை சென்சார் இருக்கிறது. ஒன்று கண். சுவர் நேராக இருக்கிறதா, எதிரே இருப்பது கிட்ட வருகிறதா, விலகுகிறதா என்று பார்த்துச் சொல்கிறது. இரண்டாவது, பாதத்தின் தோலும், தசைகளுக்கும் மூட்டுகளுக்கும் உள்ளே இருக்கிற நரம்பு நுனிகளும். பாரம் குதிகாலில் இருக்கிறதா விரல் பக்கம் போய்விட்டதா, முட்டி எவ்வளவு மடங்கியிருக்கிறது என்பதை இவை சொல்லும். கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொட முடிகிறதே, அது இவற்றால்தான். மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது. அது காதுக்குள் இருக்கிறது. உட்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய செங்குத்தாக அமைந்திருக்கின்றன. தலை திரும்பினால் உள்ளே இருக்கும் திரவம் சற்றுப் பின்தங்கும், அதை மயிர் போன்ற செல்கள் உணரும். அவற்றோடு இரண்டு சின்னப் பைகள். அவற்றில் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒரு கூழின் மேல் உட்கார்ந்திருக்கும். தலை சாய்ந்தாலும், பஸ் சடாரென்று கிளம்பினாலும் அந்தத் துகள்கள் நகரும். நம் செல்போனில் மூன்று அச்சு ஜைரோவும் ஆக்சிலரோமீட்டரும் வைத்திருக்கிறார்களே, அதே ஏற்பாடு. இயற்கை வெகுகாலம் முன்பே செய்துவிட்டது.

மூன்று சென்சாரும் எப்போதும் ஒத்த கருத்தில் இருப்பதில்லை என்பதுதான் இதில் சுவாரசியம். ஜங்ஷனில் ரயிலில் உட்கார்ந்திருக்கிறோம். பக்கத்துத் தண்டவாளத்து ரயில் நகர்கிறது. நம்ம ரயில்தான் கிளம்பிவிட்டது என்று ஒரு கணம் உடம்பே நம்பிவிடும். கண் நகர்கிறோம் என்கிறது, காதும் முதுகும் இல்லை என்கின்றன. மூளை இந்த இடத்தில் யாரை நம்புவது, யாரை ஒதுக்குவது என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. இருட்டில் நடந்தால் கண்ணுக்குக் கொடுக்கும் மதிப்பைக் குறைத்துக் காலுக்குக் கூட்டணும். ஆற்று மணலில் நடந்தால் கால் சொல்வதை முழுசாக நம்ப முடியாது, கண்ணும் காதும்தான். இப்படி நேரத்துக்கு ஏற்ப மதிப்பை மாற்றிப் போடும் சாமர்த்தியம் பிறக்கும்போதே வருவதில்லை. 1985-ல் ஷம்வே-குக், வூலகாட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், சாதாரணக் குழந்தைகளிடமே இது 4 வயதிலிருந்து 6 வயது வரை தடுமாற்றமாக இருக்கும், 7 வயதுக்கு மேல்தான் பெரியவர்களைப் போல ஒழுங்காகும் என்று காட்டினார்கள்.

அதற்கும் முன்னால் 1974-ல் எடின்பரோவில் லீ, ஆரன்சன் என்ற இருவர் செய்த சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. தரை அசையாது, சுவர்கள் மட்டும் நகரும் ஒரு அறையைக் கட்டினார்கள். அப்போதுதான் நிற்கப் பழகிய குழந்தையை அதில் நிறுத்தி, சுவரை மெதுவாக அதன் பக்கம் நகர்த்தினார்கள். தரை ஆடவே இல்லை. ஆனாலும் குழந்தை தொப்பென்று விழுந்தது. முன்பக்கம் சாய்கிறோம் என்று கண் சொல்ல, அதை நம்பிப் பின்பக்கம் சாய்ந்ததுதான் காரணம்.

இப்போது ஆட்டிசத்துக்கு வருகிறேன். மதியிறுக்கம் என்று சில புத்தகங்களில் போட்டிருக்கிறார்கள். பேச்சு, பிறரோடு பழகுவது, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது, சத்தமோ தொடுதலோ அளவுக்கு மீறி உறைப்பது, இவைதான் இதில் எல்லாருக்கும் தெரிந்தவை. இது பைத்தியம் இல்லை, யார் சாபமும் இல்லை, தாய் சரியாக வளர்க்காததால் வந்ததும் இல்லை. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. ஒரு குழந்தையைப் போல இன்னொரு குழந்தை இருக்காது.

எங்கள் அக்கா பையனுக்கு ஏழு வயசு. ஐந்து வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். போன வருஷம் ஒரு இடத்தில் பரிசோதித்துவிட்டு மூன்று பக்கம் ரிப்போர்ட் கொடுத்தார்கள். எல்லாம் இங்கிலீஷ். எங்க வீட்டில் பத்தாவதைத் தாண்டியது நான் ஒருத்திதான். அதனால் ரிப்போர்ட் என் கைக்கு வந்தது. அக்கா எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு பற்றி, பழக்கம் பற்றி எல்லாம் எதிர்பார்த்ததுதான். மூன்றாம் பக்கத்தில் 'போஸ்சுரல் கண்ட்ரோல்' குறைவு, ஒற்றைக்காலில் நிற்க முடியவில்லை, படி இறங்கும்போது தயக்கம் என்று ஒரு பத்தி இருந்தது. "இது என்னடி, கால்லயும் ஏதாவது இருக்கா?" என்று அக்கா கேட்டாள். அவன் பஸ் படியில் இறங்க மறுத்து அழுவதை நாங்கள் எல்லாரும் பிடிவாதம் என்றுதான் வைத்திருந்தோம். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு பீரியடில் அவனை மரத்தடியில் உட்கார வைத்துவிடுவார்கள், விழுந்துவிடுவான் என்று. 'கண்ட்ரோல்' என்ற அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

ஆட்டிசத்தை முதன்முதலில் விரிவாக எழுதியவர்களில் ஒருவர் லியோ கேனர். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து மருத்துவர். 1943-ல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அந்தப் பழைய கட்டுரையிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. பொதுவாக ஒரு கைக்குழந்தையைத் தூக்க அம்மா குனிந்தாலே போதும், குழந்தை தோளை உயர்த்தி, உடம்பை விறைத்துத் தயாராகிவிடும். இந்தக் குழந்தைகள் அப்படித் தயாராகவில்லை என்று தாய்மார்கள் சொன்னதாக அவர் எழுதியிருக்கிறார். அவர் அதைப் பழகும் குணத்தின் குறையாகத்தான் பார்த்தார். நம்ம பாஷையில் இது ஃபீட்ஃபார்வர்டு. தவறு நடந்த பிறகு திருத்துவது ஃபீட்பேக். நடக்கப் போவதை முன்கூட்டியே கணித்துச் செய்வது ஃபீட்ஃபார்வர்டு. உடம்புக்கு இரண்டும் வேண்டும். ஏனென்றால் நாம் தள்ளாடினால் அதை உணர்ந்து, செய்தி மேலே போய், தசை இழுப்பதற்கு ஏறக்குறைய 100 மில்லிசெகண்ட் ஆகிறது. லூப்பில் தாமதம் இருந்தால் என்ன ஆகும் என்று கண்ட்ரோல் பேப்பர் எழுதியவர்களுக்குத் தெரியும். ஆட்டம் அதிகமாகும்.

ஹோட்டலில் சர்வரைக் கவனியுங்கள். இடது கையில் வரிசையாக நாலு தட்டு அடுக்கி வருவார். வலது கையால் ஒரு தட்டை எடுத்து வைக்கும்போது இடது கை துள்ளி மேலே எழும்புவதில்லை. பாரம் குறையப் போகிறது என்பது அந்தக் கைக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. அதே தட்டை வேறொருவர் சொல்லாமல் எடுத்தால் கை எழும்பும். 2003-ல் பிரான்சில் ஷ்மிட்ஸ் என்பவரும் அவர் கூட்டாளிகளும் இதையே ஆட்டிசக் குழந்தைகளிடம் சோதித்தார்கள். ஒரு முன்கையில் எடையை வைத்து, மறுகையால் குழந்தையையே எடுக்கச் சொன்னார்கள். கை பெரிதாக ஆடவில்லை. ஆனால் குழந்தைகள் அதை மெதுவாகச் செய்தார்கள், தசை வேலை தொடங்குவதும் தாமதமாக இருந்தது. முன்கணிப்பை விட்டு, பார்த்துப் பார்த்துத் திருத்தும் ஃபீட்பேக் வழியில் சமாளித்தார்கள். இதைப் படித்தபோது எனக்குப் பஸ் படி ஞாபகம் வந்தது. படி இறங்குவது என்றால் இன்னும் தரை தொடாத காலுக்காக முன்கூட்டியே உடம்பைத் தயார் செய்வது. அந்தத் தயாரிப்பு தானாக வராதவனுக்கு ஒவ்வொரு படியும் புதுப் படிதான்.

நிற்பதை அளந்த ஆய்வுகளும் நிறைய உண்டு. ஃபோர்ஸ் பிளேட் என்ற தட்டின் மேல் நிற்க வைத்து, பாதத்தின் கீழ் அழுத்த மையம் எவ்வளவு அலைகிறது என்று பதிவு செய்வார்கள். 2003-ல் மொல்லாய் என்பவர் குழுவில் 8 ஆட்டிசக் குழந்தைகளையும் 8 சாதாரணக் குழந்தைகளையும் ஒப்பிட்டதில், கண்ணை மறைத்தபோது ஆட்டிசக் குழந்தைகளின் ஆட்டம் கூடுதலாக இருந்தது. 2004-ல் மின்ஷ்யூ குழுவினர் பிட்ஸ்பர்க்கில் 5 வயதிலிருந்து 52 வயது வரை 79 ஆட்டிசம் உள்ளவர்களை, 61 பேரோடு ஒப்பிட்டார்கள். ஆட்டிசம் உள்ளவர்களில் சமநிலை முன்னேறத் தொடங்குவதே 12 வயதுவாக்கில்தான், பெரியவர்களான பிறகும் மற்றவர்களின் அளவை எட்டவில்லை என்று வந்தது. முக்கியமாக, பாதத்திலிருந்து வரும் செய்தியைக் குழப்பிவிட்டால் இவர்கள் அதிகம் தடுமாறினார்கள். சிறுமூளையில் பர்கின்ஜி செல்கள் குறைவாக இருப்பதை 1985-லேயே பாமன், கெம்பர் இருவரும் எழுதியிருக்கிறார்கள். அசைவுகளை நயமாகத் திருத்தும் இடம் சிறுமூளைதான் என்பதால் பலர் கவனம் அங்கே போகிறது.

இதோடு முடிந்தால் நன்றாக இருக்கும், ஆனால் ஒரு முரண்பாடும் இருக்கிறது. 1995-ல் கெப்னர் என்ற பிரெஞ்சு மருத்துவர், நகரும் காட்சியைக் காட்டியபோது ஆட்டிசக் குழந்தைகளின் உடம்பு சாதாரணக் குழந்தைகளைவிடக் குறைவாகவே சாய்ந்தது என்றார். எடின்பரோ அறையில் விழுந்த குழந்தைக்கு நேர் எதிர். கண்ணை மூடினால் அதிகம் ஆடுகிறார்கள், ஆனால் கண் பொய் சொன்னால் ஏமாறுவதில்லை. எனக்குத் தோன்றுவது என்னவென்றால், சோதனைகள் எல்லாம் சின்னக் குழுக்கள், குழந்தைகளோ ஆளுக்கு ஒரு விதம். சென்சார் எதுவும் பழுதில்லை, மூன்றையும் சேர்த்து மதிப்புப் போடும் இடத்தில்தான் வித்தியாசம் என்று வைத்தால் இரண்டு முடிவுக்கும் இடம் இருக்கிறது. வாத்தியார்கள் யாராவது இதை மறுத்தால் கேட்டுக்கொள்கிறேன்.

கொஞ்சம் தள்ளாடினால்தான் என்ன, பேசவே கஷ்டப்படுகிற குழந்தைக்கு இது ஒரு பிரச்சினையா என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. ஒர்க்‌ஷாப்பில் லேத் முன்னால் நின்றவர்களுக்குப் பதில் சொல்வது சுலபம். டூல் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், பெட் அதிர்ந்தால் ஜாப் சரியாக வருமா? குழந்தைக்கு உடம்புதான் பெட். கையெழுத்து, பட்டன் போடுவது, சோற்றைச் சிந்தாமல் எடுத்துச் சாப்பிடுவது எல்லாம் அதன் மேல் நடக்கிற வேலை. பெஞ்சில் சரியாமல் உட்காருவதற்கே பாதி கவனம் செலவானால், போர்டில் எழுதுவதைப் பார்க்க மீதி எவ்வளவு இருக்கும்? விளையாட்டும் அப்படித்தான். நொண்டியும் பாண்டியும் ஆட முடியாத பிள்ளையை மற்ற பிள்ளைகள் சேர்ப்பதில்லை. சேர்க்காததால் பழக்கம் வளர்வதில்லை. பழகவில்லை என்று மறுபடி ரிப்போர்ட்டில் எழுதுகிறார்கள்.

பயிற்சிக்கு வருவோம். இதில் மந்திரம் எதுவும் இல்லை. சுமையை ஒரு படி ஒரு படியாகக் கூட்டுவதும், சென்சார்களில் ஒன்றை வேண்டுமென்றே குறைத்து மற்றவற்றை வேலை செய்ய வைப்பதும்தான் அடிப்படை. இரண்டு காலில் நிற்பது, பிறகு ஒரு பாதத்தின் முன் இன்னொன்றை ஒட்டி வைத்து நிற்பது, பிறகு ஒற்றைக்கால். கெட்டித் தரையில் நின்றவன் பிறகு ஃபோம் மெத்தை மேல் நிற்பான். கோட்டின் மேல் நடப்பது, அகலம் குறைந்த மரச்சட்டத்தின் மேல் நடப்பது, ஆடும் பலகை, பெரிய பந்தின் மேல் உட்காருவது, ஊஞ்சல், குதிக்கும் வலை. ஊஞ்சலை வைத்தியத்துக்குக் கொண்டுவந்ததில் ஜீன் அயர்ஸ் என்ற அமெரிக்கத் தெரபிஸ்ட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1972-ல் அவர் இதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். தொட்டிலும் ஊஞ்சலும் வைத்திருக்கிற நமக்கு இது புதிதாகத் தோன்றாது, ஆனால் எந்தக் குழந்தைக்கு எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் ஆட்டுவது என்று கணக்குப் பார்த்துச் செய்வதில்தான் விஷயம் இருக்கிறது.

ஈரானில் 2014-ல் 20 குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் 6 வாரம் இப்படிப் பயிற்சி கொடுத்து ஃபோர்ஸ் பிளேட்டில் அளந்தார்கள். பயிற்சி பெற்றவர்களின் ஆட்டம் குறைந்தது. 2018-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டிராவர்ஸ் என்பவர் குழுவினர் வீடியோ கேம் வைத்துச் செய்தார்கள். 7 வயது முதல் 17 வயது வரை 29 பேர், 6 வாரம். பிள்ளை ஒரு நிலையில் நிற்க வேண்டும், எவ்வளவு சரியாக நிற்கிறான் என்பது திரையில் உடனுக்குடன் தெரியும். பயிற்சியில் முன்னேறியவர்களுக்கு, விளையாட்டுக்கு வெளியே சும்மா நிற்கும்போதும் ஆட்டம் குறைந்தது. பிள்ளைகளுக்கும் பிடித்திருந்தது. அறிவுத்திறன் அளவு கூடக்குறைய இருந்தது பலனை மாற்றவில்லை என்பது பெற்றோர் காதில் போட வேண்டிய செய்தி. ஆனால் ஆரம்பத்திலேயே ஓரளவு சமநிலை இருந்தவர்களுக்குத்தான் பலன் கூடுதலாகக் கிடைத்தது. அதாவது யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குக் குறைவு. இதை மறைத்து எழுதினால் நான் விளம்பரம் எழுதுகிறேன் என்று அர்த்தம். 29 பேர், 20 பேர் என்பதும் சின்ன எண்ணிக்கைதான்.

விளம்பரம் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. சமநிலைப் பயிற்சி ஆட்டிசத்தைக் 'குணமாக்கும்' என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அது செய்வது வேறு. தடுமாற்றத்தைக் குறைக்கும், படி ஏற இறங்க உதவும், ஒரு பிள்ளைக்கு விளையாட்டில் இடம் கிடைக்க உதவும். பேச்சை வரவழைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

எங்க குட்டிக்குத் தெரபிஸ்ட் ஒரு மரச்சட்டத்தின் மேல் நடக்கப் பயிற்சி கொடுத்தார். எங்கள் ஊரிலிருந்து அங்கே போய் வர ஒரு நாள் கூலி போய்விடும், அதனால் வாரம் ஒரு முறைக்கு மேல் முடியாது. வீட்டில் என்ன செய்வது என்று கேட்டபோது, அதே போன்ற குறுகலான பாதை ஏதாவது இருக்கிறதா என்றார். எங்க அப்பா சிரித்துவிட்டார். "வரப்பு இருக்கே!" பிறந்ததிலிருந்து வரப்பில் நடக்கிறவர் அவர், தலையில் நாற்றுக்கட்டோடு. "இதுக்குப் பேரு தெரபியா? நாங்க எல்லாம் தினம் தெரபிதான்" என்று அன்றைக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அதிலிருந்து சாயங்காலம் தாத்தாவும் பேரனும் வரப்புக்குப் போகிறார்கள். முதலில் அகல வரப்பு, அறுவடை முடிந்து காய்ந்திருந்தது. விழுந்தாலும் ஒரு சாண் ஆழம்தான். பிறகு கொஞ்சம் குறுகலானது. கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, பின்னாலிருந்து இடுப்பருகே லேசாகப் பிடித்துக்கொள்ளுங்கள், பிறகு விட்டுவிடுங்கள் என்று தெரபிஸ்ட் காட்டிக் கொடுத்திருந்தார். செருப்பு இல்லாமல் நடக்கச் சொன்னார். முதல் வாரம் மண் காலில் பட்டதற்கே அழுதான். அப்பா வற்புறுத்தவில்லை. வரப்போரத்தில் உட்கார்ந்து தன் காலில் மண்ணை அப்பிக்கொண்டு அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். தினம் அதே நேரம், அதே வரப்பு, அதே எட்டு தென்னைமரம் வரை. ஆட்டிசக் குழந்தைகளுக்கு ஒழுங்கு மாறாமல் இருப்பது பெரிய பலம், அடுத்து என்ன என்று தெரிந்தால் பயம் குறையும். எட்டாவது மரம் வந்ததும் திரும்பணும் என்பது அவனுக்குத் தெரியும். ஒன்பதாவது மரத்துக்கு அப்பா கூப்பிட்டால் வர மாட்டான். நான்கு மாதத்தில் பஸ் படியில் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இறங்குகிறான். ஒற்றைக்காலில் இன்னும் சரியாக நிற்பதில்லை. வரப்பினால்தான் வந்தது, வயசு ஏறியதால் வரவில்லை என்று நான் நிரூபிக்க முடியாது. ஒரே ஒரு பிள்ளையை வைத்து எந்த முடிவும் சொல்லக் கூடாது என்று நமக்கு லேபில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

கவனமும் வேண்டும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் வலிப்பு வருபவர்கள் மற்றவர்களைவிட அதிகம். அப்படிப்பட்ட பிள்ளையை மருத்துவரைக் கேட்காமல் உயரத்திலோ ஊஞ்சலிலோ ஏற்றக் கூடாது. சிலருக்குச் சுற்றினால் தலைசுற்றுவதே தெரியாது, சிலர் ஊஞ்சலைக் கண்டாலே ஓடுவார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பயிற்சி பொருந்தாது. உங்கள் தெருவில் இப்படிப் பிள்ளை இருந்தால், மத்திய அரசு 2013-ல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இருப்பதைச் சொல்லுங்கள், 18 வயது வரை பார்க்கிறார்கள். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனமும் இருக்கிறது. 2016-ம் வருஷச் சட்டத்தில் ஆட்டிசம் மாற்றுத்திறன்களின் பட்டியலில் இருக்கிறது, சான்றிதழ் வாங்கலாம். பல வீடுகளில் இது எதுவும் தெரியாது. தெரிந்தால்தானே போவார்கள்.

கடைசியாக நம்ம லேப் சமாச்சாரம். ஃபோர்ஸ் பிளேட் வாங்க லட்சக்கணக்கில் ஆகும். ஆனால் 2007-ல் நிண்டெண்டோ கம்பெனி வீ பேலன்ஸ் போர்டு என்று ஒரு விளையாட்டுப் பலகையைக் கொண்டுவந்தது. நாலு மூலையிலும் ஸ்ட்ரெயின் கேஜ், அவ்வளவுதான். 2010-ல் கிளார்க் என்பவர் குழுவினர் அதை ஆய்வகத்து ஃபோர்ஸ் பிளேட்டோடு ஒப்பிட்டு, நிற்பதை அளக்க இது போதும் என்று காட்டினார்கள். அப்படியானால் நம்மால் ஏன் முடியாது என்றுதான் நாங்கள் மூன்று பேர் மினி புராஜெக்டாக எடுத்தோம். அரையடி அதிகமுள்ள சதுரப் பிளைவுட், எடை பார்க்கும் மெஷினில் வருகிற 50 கிலோ லோடு செல் நாலு. அவற்றில் பாதி பிரிட்ஜ்தான் இருக்கும், மூன்று ஒயர். இரண்டு ரெசிஸ்டர் சேர்த்து வீட்ஸ்டன் பிரிட்ஜை முழுசாக்கி, மூலைக்கு ஒரு எச்எக்ஸ்711, பிறகு ஆர்டுயினோ. வலது பக்க இரண்டு செல்களின் கூட்டுத்தொகையிலிருந்து இடது பக்கத்துக் கூட்டுத்தொகையைக் கழித்து, மொத்தத்தால் வகுத்து, செல்களுக்கு இடையில் உள்ள தூரத்தில் பாதியால் பெருக்கினால் அழுத்த மையம் நடுவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று வந்துவிடும். முன்பின்னுக்கும் அதே கணக்கு. எச்எக்ஸ்711 நொடிக்கு 10 அல்லது 80 அளவு எடுக்கும். மனிதன் நிற்கும்போது ஆடும் ஆட்டத்தில் பெரும்பகுதி நொடிக்கு ஒரு முறைக்கும் குறைவான வேகம்தான், இருந்தாலும் 80-லேயே ஓட்டுகிறோம், வரைபடம் நெளியாமல் வருகிறது.

முதலில் நாங்கள் மூவரும்தான் ஏறி நின்றோம். கண் திறந்து நின்றால் திரையில் புள்ளி ஒரு பொட்டளவில் சுற்றுகிறது. கண்ணை மூடினால் பெரிதாகிறது. பழைய மெத்தைத் துண்டைப் போட்டு, கண்ணையும் மூடிக்கொண்டு ஏறினால் காதை மட்டும் நம்பி நிற்கணும். அப்போது நம்ம கிளாஸ் கபடி வீரரே கையைப் பரத்திக்கொண்டு ஆடியதைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

பிறகு குட்டியை ஒரு சனிக்கிழமை கூட்டி வந்தேன். நடுவை விட்டு விலகினால் பஸ்ஸர் அடிக்கும்படி வைத்திருந்ததை அவன் வருவதற்கு முன்பே கழற்றிவிட்டோம், திடீர்ச் சத்தம் அவனுக்கு ஆகாது. அதற்குப் பதிலாகப் பச்சை எல்இடி வரிசை. நடுவில் நின்றால் எட்டு விளக்கும் எரியும், விலக விலக ஒவ்வொன்றாக அணையும். எட்டு என்று வைத்தது தென்னைமரத்துக்காக. அவன் எண்ணிக்கொண்டே நின்றான். ஏழுக்கு வரும்போது உடம்பைத் திருத்திக்கொள்வது திரையில் தெரிந்தது. இப்போது செய்ய வேண்டியது பலகையின் உயரத்தைக் குறைப்பது, ஓரத்தில் ரப்பர் ஒட்டுவது, பெரியவர்கள் எடைக்கு வைத்த அளவைக் குழந்தை எடைக்கு மாற்றுவது. மெக்கானிக்கல் பிரிவு நண்பர்கள் யாராவது பலகைக்கு அடியில் நாலு உயரம் மாற்றும் கால் கடைந்து கொடுத்தால் நன்றாக இருக்கும், லேப் தரை சமமாக இல்லை. எம்8 நட்டு எங்களிடம் இருக்கிறது.